ஆந்தை ஓட்டும் பஸ்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை நேற்று முதல் படக்கதைக்காரி. சிரிக்காதே.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால், வாசலில் நின்றபடியே போனில் பொத்தானை அமுக்கினேன். இணையத்தில் என் படக்கதை, வெப்காமிக், வெளியாகிவிட்டது. பெயர் ‘ஆந்தை பஸ்’. முதல் நாளே மூன்று அத்தியாயங்களை ஒன்றாகப் போட வேண்டுமாம்; ஒன்றை மட்டும் போட்டால் வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்களாம். அதற்காகவே இரண்டு மாதம் காத்திருந்தேன். சாயங்காலம் வரை பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நானே. எட்டாவது ஆள் எங்கள் முதலாளி. அவரும் என் போனைப் பிடுங்கித்தான் பார்த்தார்.

ஏன் எல்லாரும் பறவைகள் என்று கேட்பாய். எனக்குக் கை வரைய வராது. எத்தனை தடவை வரைந்தாலும் ஐந்து விரலும் கத்திரிக்காய் மாதிரியே வருகிறது. அதனால் எல்லாருக்கும் இறக்கை வைத்துவிட்டேன். பஸ் சக்கரம்கூட, ஃப்ரேமுக்கு இன்னும் வெட்டாத வட்ட லென்ஸைத் தாளில் வைத்துச் சுற்றிப் போட்ட வட்டம்தான். பெரிய தலைவலி வசனம். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினால் பேச்சை எழுதும் பலூன் கட்டத்தை விட்டு வெளியே வழிகிறது. அதனால் என் பஸ்ஸில் எல்லாரும் ‘போறேன்’, ‘வரேன்’ என்றுதான் பேசுவார்கள்.

நீ போனில் இதையெல்லாம் தேடிப் பார்க்க மாட்டாய் என்று தெரியும். மூன்று அத்தியாயத்தையும் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நிதானமாகப் பார். பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுது. என்ன தோன்றினாலும்.

அத்தானிடம் இப்போது காட்ட வேண்டாம். பஸ் ஓட்டுகிறவரிடம் பஸ் படத்தைக் காட்டினால் ஆயிரம் குற்றம் சொல்வார். நீ மட்டும் படி.

உன்,
பொடிசு


மார்ச் 12

பொடிசுக்கு,

நான்கு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். அடுத்த மூன்று முறையும் சிரிப்பு வரவில்லை.

உன் ஆந்தை கழுத்தில் துண்டை முடிச்சுப் போட்டு நுனியைச் சட்டைக்குள் செருகியிருக்கிறது. ஹாரன் அடிப்பதற்கு முன்னால் தொண்டையைக் கனைக்கிறது. சரி, உன் அத்தானைப் பார்த்து வரைந்திருக்கிறாய், இதில் தப்பில்லை. பதினான்கு வருடமாக அவரை உனக்குத் தெரியும்.

ஆனால் அது இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கும்போது தலையோடு தோளையும் சேர்த்துத் திருப்புகிறதே, அது உனக்கு எப்படித் தெரிந்தது? அவருக்கு அந்தப் பழக்கம் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. சாப்பிடும்போதும் அப்படித்தான் திரும்புகிறார். கழுத்துப் பிடிப்பு என்றார். தைலம் வாங்கிக் கொடுத்தேன். நீ எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போனில் கழுத்து தெரியாது.

என் வேலை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மெஷினுக்குள் எது போனாலும் முதலில் பையைத் துழாவ வேண்டும். டாக்டர் கோட்டில் பேனா இருக்கும், நர்ஸ் உடுப்பில் ஊசி இருக்கும். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. போன வாரம் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது ஒரு சீட்டு கிடைத்தது. உன் கடை முத்திரை. ‘பரிசோதனை அறை, வரிசை எண் 3.’ பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று டிப்போவில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். உன் ஊருக்கு வர மூன்று மணி நேரம் ஆகும்.

அவரிடம் இன்னும் கேட்கவில்லை. முதலில் உன்னிடம் கேட்கிறேன்.

போன் பண்ணாதே. போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். எழுது. எழுத்தென்றால் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கலாம்.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. ஒருவருடைய ஃப்ரேமில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன்.

நீ இவ்வளவு யோசிக்க இதில் ஒன்றுமே இல்லை. அத்தான் ஒரு தடவை வந்தார், ஆமாம். வெயில் கண்ணாடி வேண்டுமென்றார். எதிர்வெயிலில் ஓட்டுவது கஷ்டமாக இருக்கிறதாம். உன்னிடம் சொன்னால் ‘இந்த வயசில் ஸ்டைலா’ என்று கேலி பண்ணுவாய் என்று சொல்லாமல் வந்திருப்பார். அந்தக் கழுத்து எல்லா டிரைவர்களுக்கும் இருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பார்த்து வரைந்தேன், அவ்வளவுதான். ஆந்தைக்குக் கண்ணைச் சுழற்ற முடியாது, தலையைத்தான் திருப்ப வேண்டும். அதனால்தான் ஆந்தையையே டிரைவராக வைத்தேன்.

வேறு விஷயம் சொல்கிறேன். ஐந்தாவது அத்தியாயத்தை மூவாயிரத்து நானூறு பேர் பார்த்திருக்கிறார்கள்! வாத்து சைக்கிளில் வருகிறது, ஆந்தை கவனிக்கவில்லை, வாத்து குப்பைத் தொட்டிக்குள் விழுகிறது. அதை யாரோ எடுத்து எல்லா இடத்திலும் போட்டுவிட்டார்கள். கீழே கருத்து எழுதுகிறவர்களில் ஒருவர் பெயர் ‘பின்சீட்டு’. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் ஆளாக வருகிறவர், இந்தத் தடவை ‘வாத்து பிழைச்சுதா?’ என்று கேட்டிருக்கிறார். ஊர் பேர் தெரியாத ஒருவர் நான் வரைந்த வாத்துக்காகக் கவலைப்படுகிறார் அக்கா. எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் நிற்கவில்லை.

நீ என்மேல் சந்தேகப்படுகிறாயா? அப்படியென்றால் என்ன சந்தேகம் என்று நேராகவே எழுதிவிடு.

பொடிசு


மார்ச் 25

பொடிசுக்கு,

நேராகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே சீட்டை அவர் முன்னால் வைத்தேன். “பழைய கண்ணாடிக்குக் காது கழண்டுபோச்சு, சரி பண்ணப் போனேன்” என்றார். நீ வெயில் கண்ணாடி என்கிறாய். அவரிடம் எந்தக் கண்ணாடியும் இல்லை, பழசும் இல்லை, புதுசும் இல்லை. பொய் சொல்வதென்றால் இரண்டு பேரும் முதலில் பேசி வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீ ‘ஒரு தடவை’ என்கிறாய். நான் அவருடைய டூட்டி அட்டவணையை எடுத்து உட்கார்ந்தேன். நவம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. மூன்று செவ்வாய்க்கிழமை எனக்குக் கணக்கில் வரவில்லை. மூன்றிலும் வீட்டுக்கு வந்து சரியாகப் பேசவில்லை, சாப்பிடவில்லை.

எங்கள் பிரிவில் இருக்கிற பெண்களும் இப்போது ‘ஆந்தை பஸ்’ படிக்கிறார்கள். நீ என் தங்கை என்று நான் சொல்லவில்லை. ஆறாவது அத்தியாயத்தை அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். அதில் ஜன்னலில் ஒரு கோழி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறது. ஆந்தை வந்து என்ன சொன்னாலும் “அப்படியா?” என்கிறது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கோழி நான்தானே?

ஆந்தையின் முகத்தை நீ எப்படி வரைகிறாய் என்றும் பார்த்தேன். மற்ற பறவைகளுக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. அதற்கு மட்டும் கண்ணுக்குக் கீழே சுருக்கம்வரை பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாய். ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்க்காமல் அப்படி வராது.

உனக்கும் அவருக்கும் நடுவில் என்ன?

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி ஒட்டினேன். என்னைப் பற்றி உன்னால் இப்படி நினைக்க முடிந்தது என்பதை நான் மறக்கப் போவதில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்பது உண்மைதான். எங்கே பார்த்தேன் என்று சொல்கிறேன்.

நவம்பரில் அத்தான் கடைக்கு வந்தார். “சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிவிடு” என்றார். எங்கள் பரிசோதனை அறையில் ஒரு மெஷின் இருக்கிறது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். வலது கண் முடிந்தது, பரவாயில்லை. இடது கண்ணுக்கு மாற்றினேன். வெளிச்சம் மின்னிக்கொண்டே இருக்கிறது, பட்டன் சத்தத்தைக் காணோம். மெஷின்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது அத்தான் கேட்டார்:

“என்னம்மா, ஆரம்பிச்சுட்டியா?”

அக்கா, அது முடிகிற நேரம்.

பிரிண்ட் வந்தது. இடது பக்கம் முழுக்க மை கொட்டின மாதிரிக் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய். உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவர் அந்தத் தாளை மடித்துக்கொண்டே இருந்தார். “ஓட்டுறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஆபீஸ் வேலை கேட்டிருக்கேன். கிடைக்கிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமா உங்க அக்காவுக்கு. சத்தியம் பண்ணு.” பண்ணினேன். சொட்டு மருந்தாவது போடட்டும் என்று ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான்தான் வரவழைத்தேன். ஒவ்வொரு தடவையும் கறுப்பு கொஞ்சம் கூடியிருந்தது.

சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன், வரைய மாட்டேன் என்று பண்ணவில்லை. அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ பார்ப்பாய், கண்டுபிடிப்பாய், சத்தியமும் உடையாது. அதற்காகத்தான் பிரிண்ட் எடுத்து அனுப்பினேன். கேட்டதும் பயந்துபோய் மறுபடி மூடிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைத்தால் நீ இதையும் நம்ப மாட்டாய். சைக்கிள் வாத்து நான் கற்பனை பண்ணினது இல்லை. பிப்ரவரியில் அத்தான் சொன்னது. ஒரு காலேஜ் பெண். பக்கவாட்டில் உரசி விழுந்தாள், முழங்கையில் சிராய்ப்பு மட்டும். “அவ எங்கேர்ந்து வந்தான்னே தெரியல” என்றார். அதைத்தான் குப்பைத் தொட்டியில் போட்டு வேடிக்கை ஆக்கினேன். மூவாயிரம் பேர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இதைப் படித்ததும் அவரைத் தடுத்து நிறுத்து. சண்டை போடு, என்ன வேண்டுமானாலும் பண்ணு. என்னால் முடியவில்லை.

பொடிசு


ஏப்ரல் 9

பொடிசுக்கு,

உன் கடிதத்தை நம்பவில்லை. இரண்டு பொய் சொன்னவள் மூன்றாவதாகச் சொல்வது மட்டும் எப்படி உண்மையாகும்? என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை பத்து மணி டிரிப்பில் அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினேன்.

முக்காடு போடவில்லை, முகத்தை மறைக்கவில்லை. அவர் எனக்கு எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவைதான். முன் படிக்கட்டில் ஏறி, அவருக்கு இடது பக்கம் இருக்கும் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். நடுவில் கியர் பெட்டி மட்டும்தான். கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடலாம்.

நாற்பது நிமிடம், பொடிசு. நாற்பது நிமிடமும் என் புருஷன் என்னைப் பார்க்கவில்லை.

முதல் பத்து நிமிடம், பார்த்துவிட்டுத்தான் பார்க்காத மாதிரி இருக்கிறார் என்று கோபமாக இருந்தது. பிறகு நிறுத்தத்துக்கு நிறுத்தம் அவர் தோளைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியைப் பார்ப்பதைக் கவனித்தேன். அப்படித் திரும்புகிறபோதும் பார்வை என் தலைக்கு மேலே கண்ணாடிக்கு மட்டும் போய்விட்டு ரோட்டுக்குத் திரும்பிவிடும். வழிநெடுக அவருக்குத் தெரியாதவற்றையெல்லாம் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒதுங்கி நின்ற ஸ்கூட்டர், நடைபாதையிலிருந்து கால் எடுத்து வைத்த ஒரு வயதான ஆள், கதவைத் திறந்த கார். ஒவ்வொன்றுக்கும் என் கால் தன்னால் தரையை அமுக்கியது, பிரேக் என் காலடியில் இருப்பதுபோல.

மார்க்கெட் நிறுத்தத்தில் ஒரு அம்மா இரண்டு பையோடு இறங்கினாள். ஒரு பை கீழே விழுந்து உருண்டது. எடுக்க பஸ்ஸுக்கு முன்னாலேயே குனிந்தாள், இடது மூலையில். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். இவர் கியர் போட்டார்.

“நிறுத்துங்க!”

நான் கத்தின சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பஸ் குலுங்கி நின்றது. அந்த அம்மா நிமிர்ந்து இவரைத் திட்டிக்கொண்டே போனாள். அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

“நீ எப்ப ஏறினே?”

“நீங்க வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடியே.”

அவர் இன்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்து, “டிப்போவுக்கு போன் பண்ணி வேற ஆளை வரச் சொல்லுப்பா, என்னால இனிமே முடியாது” என்றார். பின்னாலிருந்து எல்லாரும் கத்தினார்கள், வேலைக்கு நேரமாகிறது என்று. அவர் அத்தனை பேரிடமும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினார். மறுநாள் இரண்டு பேரும் டிப்போ மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். விசாரணை இருக்கிறது. என்ன ஆகுமோ தெரியாது.

உன்னிடம் நான் கேட்ட அந்தக் கேவலமான கேள்விக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதோடு ஒரு சந்தேகம் போயிற்று, இன்னொன்று வந்துவிட்டது. நவம்பரிலிருந்து மார்ச் வரை தினமும் அந்த பஸ்ஸில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள்? உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். அவருக்குப் பயம். உனக்கு என்ன? அந்த வெள்ளிக்கிழமைகளில் நீ எங்களுக்காக வரைந்தாயா, அந்த ‘பின்சீட்டு’க்காக வரைந்தாயா?

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

நீ கேட்டதற்கு மூன்று நாள் யோசித்தேன். முதல் மூன்று அத்தியாயம் உனக்காக. அதற்கப்புறம் எனக்காக. பொய் இல்லாமல் எனக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

படக்கதைத் தளத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள், ‘ஆந்தை பஸ்’ஸை முகப்பில் போடப்போகிறார்களாம். மூன்று வருடமாக நான் கனவு கண்டது இது. அதே நாளில் கருத்துப் பகுதியில் புதிதாக ஒருவர், ‘இந்த டிரைவரை எனக்குத் தெரியும்போல இருக்கே, எந்த ரூட்?’ என்று கேட்டிருந்தார். விசாரணையில் யாராவது இதை எடுத்துக் காட்டி, ‘தங்கைக்கே தெரிஞ்சிருக்கு’ என்று கேட்டால்?

முகப்பு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். எல்லா அத்தியாயத்தையும் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்திருக்கிறேன். இன்னும் அழிக்கவில்லை. அழி என்று அத்தான் சொன்னால் அழித்துவிடுகிறேன். விசாரணையில் என்னைக் கூப்பிட்டால் வந்து நடந்ததைச் சொல்கிறேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். டிரைவர் என்று தெரிந்தும் ஏன் டாக்டரிடம் கொண்டுபோகவில்லை என்று கேட்டார். இனிமேல் பரிசோதனை அறைக்குள் நான் தனியாகப் போகக் கூடாதாம்.

பொடிசு


மே 6

பொடிசுக்கு,

பதில் எழுத நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி, டிப்போ, ஆஸ்பத்திரி என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

போன பார்வை திரும்பாது என்கிறார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றலாமாம், மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது. சொட்டு மருந்து நான்தான் போடுகிறேன். தானே போட்டுக்கொண்டேன் என்று அவர் சொன்னால் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன். விசாரணையில் ஒரு வருடத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது என்று எழுதி, உதிரிபாகக் கிடங்கில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலேஜ் பெண்ணையும் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்தார். போக வேண்டும் என்று அவரேதான் சொன்னார். அவளுடைய அம்மா அரை மணி நேரம் நிற்க வைத்துப் பேசினாள். நின்று கேட்டுவிட்டு வந்தார்.

உன் படக்கதையைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். நீ அனுப்பின மூன்று அத்தியாயத்தையும் மேசையில் பரப்பி ஒரு மணி நேரம் பார்த்தார். அவருடைய முகம் மாறுமா என்று நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், “கியர் இவ்வளவு குட்டையா இருந்தா இந்த ஆந்தை எப்படி வண்டி ஓட்டும்?” என்றார். அழிக்கச் சொல்லவில்லை. போடவும் சொல்லவில்லை. “அவளே முடிவு பண்ணட்டும்” என்றார். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தக் கோழிக்கு “அப்படியா?” தவிர வேறு ஏதாவது பேசக் கற்றுக்கொடு.

உன்னை முழுசாக மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, அடுத்த நாள் பஸ் சத்தம் கேட்டால் இல்லை என்று தோன்றுகிறது.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கப் போகிறோம். நான் அவருக்கு இடது பக்கமாக நடக்கிறேன். பத்தடிக்கு ஒரு தடவை “இருக்கியா?” என்பார். “இருக்கேன்” என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. போன வியாழக்கிழமை அவர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். ஐந்து மாதம் என்னிடம் மறைத்தாரே, கொஞ்ச நேரம் அவரும் தெரியாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. நின்றுவிட்டார். மறுபடி கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டிக் காற்றில் துழாவினார், நான் இருந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியும், ஆனால் எழுத மாட்டேன். பிறகு போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதை வரையாதே.

அக்கா